காய்ந்த பிறகு எழுதிய அறிக்கை

ஒரு சாரதியின் வலது காலைப் பற்றி நான் பொய் எழுதினேன்.

எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. பதினொரு நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் திருத்தவில்லை. முதலில் எழுதியது தவறு. பிறகு வாய் மூடியிருந்தது பொய்... இப்படிப் பகுதி பிரித்துப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அரசாங்கக் கதிரையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு வேறு என்ன வரும்?

கண்டியில் ஒரு திணைக்களத்தின் வாகனப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் திணைக்களம் என்று கேட்காதீர்கள். பிழை அதனுடையதன்று. எங்கள் பட்டறையில் ஓர் ஆணி கழன்றால் எந்தப் படிவம், எத்தனை பிரதி, யார் கையொப்பம், மூன்றாவது பிரதி எந்தக் கோப்புக்குள் போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாதிப் படிவங்களை ஆக்கியவனே நான்தான். நான் எழுதிய நடைமுறைக் கையேட்டை மற்றக் கந்தோர்கள் கேட்டு வாங்கிப் போனதுண்டு. வாங்கிப் போனவர்கள் படித்தார்களா என்பது வேறு விஷயம்.

எங்களிடம் ஒரு பிரேக்டவுன் லொறி இருந்தது. வழியில் நின்றுபோன வண்டிகளைத் தூக்கி இழுத்து வருகிற லொறி. முதுகில் சிறிய பாரந்தூக்கி, கம்பிவடம், கொக்கி. அதை ஓட்டியவர் ஜவ்பர், கட்டுகஸ்தோட்டைக்காரர். அவரைப் போல் வாகனம் ஓட்டிய வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை. இதை நான் அவர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு முறைகூட அவரிடம் சொன்னதில்லை. பாராட்டுவதற்கு எங்களிடம் படிவம் இருக்கவில்லை.

ஹந்தானை வளைவு ஒன்றில் எங்கள் வேன் ஒன்று பள்ளத்தில் சரிந்து கிடந்தது. ஜவ்பர் லொறியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, கொக்கி மாட்டி, அந்த வேனைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல் மேலே எடுத்தார். வேனின் முன்னிருக்கையில் யாரோ வைத்துவிட்டு ஓடிய முட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. பட்டறைக்கு இழுத்து வந்த பிறகு நானே திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அதற்கும் நான் அவரிடம் கேட்டது, "ஓட்டப் பதிவு எழுதியாச்சா?" என்பதுதான்.

அந்த லொறியில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் தூக்கும்போது சாரதி லொறியின் பின்பக்கம் தரையில் நிற்பார். எஞ்சினின் வேகத்தைக் கூட்ட அவர் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடி மிதிபலகையை மிதிக்க முடியுமா? அதனால் பின்பக்கம் ஒரு தகரப் பலகையில் ஒரு கை நெம்பு உண்டு. அதை உயர்த்தினால், அடியில் ஓடும் கேபிள் வழியாக எஞ்சின் வேகம் கூடும். பட்டறையில் அதற்கு 'ரேஸ் ஆகுது' என்பார்கள். நெம்பை இறக்கினால் எஞ்சின் அடங்கி, நின்ற இடத்தில் மெல்ல முனகிக்கொண்டிருக்கும்.

இனிப் பூமாலைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசைக்கு எங்கள் பட்டறை ஆட்கள் கருவிகளுக்கும் வாகனங்களுக்கும் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம். சிங்கள ஆட்களும் கூடி நிற்பார்கள். சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து லொறியை நகர்த்துகிற வேலை மட்டும் ஜவ்பருடையது. அவர் மதம் வேறு. ஆனாலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "நாலு பழத்துக்கும் ஒரே சத்தம் கேக்கணும். ரெண்டு சத்தம் கேட்டா அவன் டிரைவர் இல்ல," என்பார். ஒரே சத்தம்தான் கேட்கும்.

அந்த வருடம் பூசை முடிந்து மூன்று நாளாகியும் லொறியின் பின்பக்கத்தில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. பூ கருகி, மஞ்சள் தோய்த்த தடித்த முறுக்கு நூல் மட்டும் மிச்சம். அதைக் கை நெம்பைச் சுற்றி, தகரத் துவாரத்துக்குள் விட்டு, பின்னாலுள்ள தாங்கியில் ஒரு கட்டுக் கட்டி, மறுபடி வெளியே எடுத்து முடிந்திருந்தார்கள். அசையும் பாகங்களில் அலங்காரம் கூடாது என்று நான் சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். நல்ல சுற்றறிக்கை. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

"இதை ஏன் இன்னும் எடுக்கல்ல?"

இரும்பு ஒட்டு வேலை செய்யும் முத்தையா தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கெழம அவுத்துறலாம்னு இருக்கோம் சேர்."

"அதுக்கும் நாள் பார்க்கணுமா? இப்பவே அறுத்துப் போடுங்க."

முத்தையா ஓரடி முன்னால் வந்தார்.

"சேர், அவுக்கலாம் சேர். அறுக்க வேணாம்."

மேசையிலிருந்து கடதாசி வெட்டும் கத்தியை எடுத்து வந்தேன். எல்லோரும் பார்த்திருக்க நூலை ஒரு கையால் பலமாக இழுத்துப் பிடித்து, வெளியே தெரிந்த பகுதியை அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு பதிவேட்டில் எழுதினேன்: 'மாலை என்னால் அகற்றப்பட்டது.' திகதி, கையொப்பம். அந்தக் கையொப்பம் எவ்வளவு அழகாக விழுந்திருந்தது என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்...

அந்த வாரமே மழை தொடங்கியது.

ஜவ்பர் முறைப்பாட்டை எழுதிக் கொண்டுவந்தார். லொறி தானாக ரேஸ் ஆகிறதாம். எப்போதும் இல்லையாம், சில வேளைகளில் மட்டுமாம். 'சில வேளைகளில்' என்ற சொல்லைப் பொறுப்பான எந்த அதிகாரியும் விரும்ப மாட்டான். ஒரு வாகனம் பழுதாக இருக்க வேண்டும், அல்லது சரியாக இருக்க வேண்டும்.

என் கையேட்டின்படி பரிசோதித்தேன். முதல் படி, வாகனத்தை நன்றாகக் கழுவ வேண்டும். சேறு இருந்தால் கசிவு தெரியாது. இரண்டாம் படி, அரை நாள் வெயிலில் காய விட வேண்டும். மூன்றாவதாகத்தான் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, வண்டி நின்ற நிலையில் அதன் வேகத்தை அளக்க வேண்டும். அளந்தேன். இம்மியளவும் பிசகவில்லை. மிதிபலகை சரி, கேபிள் சரி, எண்ணெய்ப் பம்பின் திருகாணி முத்திரையோடு அப்படியே இருந்தது. 'பின்பக்கக் கை நெம்பு ஓய்வு நிலையில் உள்ளது' என்ற கட்டத்தில் ஒரு சரிக் குறி. அந்தத் தகரப் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி நான் ஒரு படி எழுதியிருக்கவில்லை. எழுதாத படியை நான் எப்படிச் செய்வேன்?

மூன்று முறை முறைப்பாடு. மூன்று முறை பரிசோதனை. மூன்று முறையும் 'குறைபாடு காணப்படவில்லை'.

தேத்தண்ணி நேரத்தில் பட்டறைக்குள் பேச்சு நடந்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். பலகைச் சுவர்தான் நடுவில்.

"நூல அறுத்தாரு பாரு, அன்னையிலேர்ந்துதான்," என்றார் முத்தையா. "சாமி குத்தம்."

"லொறிக்கு என்னய்யா குத்தம் தெரியும்?" என்றது வேறொரு குரல்.

"லொறிக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்ல."

அப்போது ஜவ்பரின் குரல்: "அப்ப உங்கட சாமி என்னய ஏன் புடிக்குது? அறுத்தது சேர். சேர்ட கதிரைய ரேஸ் ஆக்கச் சொல்லுங்க."

பட்டறை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது என்று எழுத ஆசைதான். கோபம் வந்தது. படிக்காத சனங்கள் என்று நினைத்தேன். காரணம் தேடத் தெரியாதவர்களுக்குத்தான் சாமி வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பிற்பகல் வந்தது. பாடசாலை விடும் நேரம், நல்ல மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜவ்பர் வெறும் லொறியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு பாடசாலை வேன். வரிசை நகர்ந்தது, அவர் கிளச்சை விட்டார். அதற்கிடையில் எஞ்சின் தானாக ஏறியிருந்தது. லொறி துள்ளியது. பிரேக் பிடித்தும் ஈரத்தில் வழுக்கி வேனின் முதுகில் போய் முட்டியது. பின்கண்ணாடி நொறுங்கி, ஒரு சிறுமியின் நெற்றியில் கீறல். சின்னக் கீறல்தான். ஆனால் கண்ணாடி நொறுங்கும்போது வேனுக்குள் எழுந்த சத்தத்தைக் கேட்டவர் ஜவ்பர், நான் அல்ல.

விசாரணை வந்தது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டியவன் நான். லொறியைக் கழுவினேன். காய விட்டேன். அளந்தேன். எழுதினேன்: 'வாகனத்தில் எவ்விதக் குறைபாடும் இல்லை. சாரதி தன் வலது காலைக் கவனயீனமாக மிதிபலகையில் வைத்திருந்ததே காரணமாகும்.'

ஜவ்பர் என் மேசைக்கு முன் நின்றார். கதிரை இருந்தது; நான் உட்காரச் சொல்லவில்லை.

"சேர், என்ட கால் பிரேக்குலதான் இருந்திச்சு."

"பரிசோதனையில ஒண்ணும் இல்லையே ஜவ்பர்."

"இருபத்தாறு வருசம் ஓட்டுறன் சேர். கால் எங்க ஈக்குதுண்டு எனக்குத் தெரியாதா?"

நான் கோப்பை மூடினேன். இறுதிக் கட்டளை வரும் வரை அவர் லொறியில் ஏறக் கூடாது என்றாயிற்று.

லொறியைச் சுமணபால என்ற இன்னொரு சாரதி எடுத்தார். இரண்டாம் நாளே என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் அதே முறைப்பாட்டைச் சொன்னார். பதிவேட்டில் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கவனித்தீர்களா? உண்மை தெரிவதற்கு முன்பே என் கை அதை மறைக்கத் தொடங்கிவிட்டது!

சனிக்கிழமை, எந்தப் படிவமும் நிரப்பாமல், சுமணபாலவைக் கொண்டு லொறியைக் கெலிஓயாவுக்கு எடுத்துப் போனேன். கம்பளை வீதியோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கதிரேசன் என்று ஒருவர் வேலை செய்தார். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். கைத்தொழில் தெரிந்தவர்களை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கதிரேசன் பாஸ் என்றால் பேராதனை வரை தெரியும். சான்றிதழ் எதுவும் கிடையாது. என் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே நான் தள்ளியிருப்பேன்.

அவர் லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கே சேர். கழுவுனீங்களா?"

"கழுவி, காய வச்சுத்தான் கொண்டு வந்தேன்."

"டாக்டருகிட்ட வாறப்ப காய்ச்சல வீட்டுலயே வச்சிட்டு வந்த மாதிரி இருக்கு சேர்."

சுமணபாலவுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். அவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஓட்டுனவரு எங்க?"

"இவர்தான் இப்ப..."

"இவரு இல்ல சேர், மொதல்ல சொன்னவரு."

என் நடைமுறையில் சாரதியை வைத்துக்கொண்டு பரிசோதிப்பதில்லை. அவர் சொல்வது நம் கண்ணைத் திருப்பிவிடும் என்பது என் கருத்து. "அவர் லீவுல," என்றேன். பதிவேடு என் பைக்குள் இருந்தது. ஜவ்பர் எழுதியதைப் படிக்கச் சொன்னார் கதிரேசன். நான் மூன்று தடவை சரிக் குறி போட்ட பக்கங்களை அன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுப் படித்தேன்.

'கலஹா வீதியில் பஸ் இழுத்து வரும்போது. தூறல்.' 'ஹந்தானை ஏற்றம். காலையிலிருந்து மழை. மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் தானாகச் சரியாகிவிட்டது.' 'பேராதனைச் சந்தி. பனி. கண்ணாடி துடைப்பான் போட்டேன்.'

கதிரேசன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவருதான் எழுதியே வச்சிருக்காரே சேர். இதுக்கு மேல என்ன சொல்லுவாரு ஒரு மனுசன்? யாரு சேர் இவரு? வண்டிய இவ்வளவு கவனிக்கிறவரு?"

பதிவேட்டைப் பைக்குள் வைத்தேன். அந்த வரிகளை நான் சாக்குப் போக்கு என்று எடுத்திருந்தேன்...

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு பெரிய கேத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். எஞ்சினை இயக்கச் சொன்னார். ஒரு கண்ணாடிக் கிளாசில் சீனி போடாத தேத்தண்ணி வாங்கி, முன்சில்லின் மேலுள்ள தகரத்தில் வைத்தார். குடிப்பதற்கு என்று நினைத்தேன். குடிக்கவில்லை. எஞ்சின் அதிர்வில் அந்தத் தேத்தண்ணியின் மேல் மெல்லிய வட்டங்கள் எழுந்தன. "வேகம் ஏறுனா இந்த வட்டம் நெருங்கும் சேர். காது ஏமாத்தும், இது ஏமாத்தாது," என்றார். எங்களிடம் வேகம் அளக்கும் கருவி இருந்தது. வெளிநாட்டுக் கருவி. அதை யாரும் தொடாதபடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

மின்கம்பிக் கட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். காத்திருந்தார். வட்டங்கள் மாறவில்லை. துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். எண்ணெய்ப் பம்பின் பக்கம் ஊற்றினார். காத்திருந்தார். மிதிபலகைக் கேபிள் உறைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஊத்தக் கூடாதா?" என்றேன்.

"தண்ணி வேல செய்ய நேரமெடுக்கும் சேர். எல்லாத்தையும் ஒண்ணா நனைச்சிட்டா, எது செஞ்சதுன்னு யாருகிட்ட கேக்கிறது?"

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். என் கையேட்டின் முதல் பக்கத்து வாக்கியம் அது. கொட்டை எழுத்தில் அடித்திருந்தேன். அதை ஒரு மனிதர் உண்மையிலேயே செய்வதை அன்றுதான் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் கையேட்டைக் கண்ணாலும் பார்க்காதவர்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. முன்னாலிருந்து பின்னால் வந்துவிட்டார். கை நெம்பு இருக்கும் தகரப் பலகையின் மேல் மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சுமணபாலவோடு கிரிக்கெட் பேசினார். யார் பந்து வீசத் தெரியாதவர் என்பதில் இருவருக்கும் சண்டை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். பேச்சின் நடுவில் கதிரேசன் கையை உயர்த்தினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரல் கிளாசைக் காட்டியது. வட்டங்கள் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தன. பிறகுதான் என் காதுக்கு எஞ்சின் ஏறுவது கேட்டது... மெதுவாக, யாரும் தொடாமல், தானாக. ஜவ்பர் சொன்னபடியே.

முன்னிருக்கை காலியாக இருந்தது. மிதிபலகையின் மேல் எவருடைய காலும் இல்லை.

கதிரேசன் எழுந்து போய்ப் பலகையின் நான்கு திருகுச் சுரைகளையும் கழற்றித் தகரத்தை இறக்கினார். உள்ளே ஒரு மஞ்சள் நூல். நெம்பின் வால்பகுதிக்கும் தாங்கிக்கும் நடுவில் பல சுற்று. நனைந்து, சுருங்கி, வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. நெம்பை ஒரு நெல்மணி அளவுக்கு இழுத்து வைத்திருந்தது. அந்த ஒரு நெல்மணி போதும். அவர் நகத்தால் தட்டினார். 'டொய்ங்' என்றது.

"முறுக்கு நூலு சேர். நனைஞ்சா இறுகும், காஞ்சா தளரும். நீங்க கழுவி, காய வச்சு, தளந்த பொறவு பாத்திருக்கீங்க. எப்பிடித் தெரியும்?"

"அறுத்துப் போடுங்க பாஸ்," என்றேன்.

"சாமி நூலு சேர். அவுக்கலாம். அறுக்க வேணாம்."

முத்தையா சொன்ன அதே சொற்கள். ஈரமான முடிச்சு. கூரான கம்பி ஒன்றை எடுத்து, ஒரு பிரி, இன்னொரு பிரி என்று நெகிழ்த்தினார். முடிச்சு தளரத் தளர எஞ்சின் இறங்கியது. தேத்தண்ணியில் வட்டங்கள் விலகின. இவ்வளவு அழகாக ஒரு பழுது தீர்வதை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று கை கூப்பியிருக்க வேண்டும். நின்றேன். கை கூப்பவில்லை.

நூலின் ஒரு முனையை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கத்தியால அறுத்திருக்காங்க. பலமா இழுத்துப் புடிச்சு அறுத்திருக்காங்க சேர். அந்த இழுப்புலதான் உள்ளுக்குள்ள கட்டு இறுகிப் போச்சு. பேசாம அவுத்திருந்தா ஒண்ணுமில்ல. யாரு செஞ்சது?"

"யாரோ," என்றேன்.

நூலைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "அந்த டிரைவர் அண்ணன்கிட்ட குடுங்க சேர். பாவம், என்னென்ன பேச்சு கேட்டாரோ. கையில குடுத்து, இதுதான்னு சொல்லுங்க."

திரும்பி வரும் வழியில் அது என் சட்டைப் பையில் ஈரமாக இருந்தது. இதை நானே அறிக்கையில் எழுதுவேன், பட்டறையில் பேச வேண்டாம் என்று சுமணபாலவிடம் சொன்னேன்; லொறியை இழக்க விரும்பாத அவர் அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை.

ஓர் அறிக்கை பிழை என்று பிறகு தெரிய வந்தால் என்ன செய்ய வேண்டும்? குறைநிரப்பு அறிக்கை, இரண்டு பக்கம், மூன்று பிரதி. அந்தப் படிவத்தையும் ஆக்கியவன் நான்தான். விசாரணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எழுத இருபது நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் படிவத்தை மேசை மேல் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் இழுப்பறைக்குள் திருப்பி வைத்தேன்.

ஏன்? தண்டனைக்குப் பயந்தா? இல்லை. என்னை யார் என்ன செய்துவிட முடியும்? ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள். விளக்கக் கடிதம் எழுதுவதில் நான் மன்னன். எனக்கு இருந்த பயம் அதைவிடச் சின்னது, அதைவிடக் கேவலமானது. நூலை அறுத்ததால்தான் லொறி கெட்டது என்று முத்தையா சொன்னார். நான் உண்மையை எழுதினால், நூலை அறுத்ததால்தான் லொறி கெட்டது என்று எழுத வேண்டும்! சாமியை மட்டும் நீக்கிவிட்டால் அந்தப் படிக்காத சனங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. என் கத்தி, என் கை, என் கையொப்பம். பலகைச் சுவருக்கு அப்பால் அவர்கள் சிரிப்பதை நினைத்தேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. ஜவ்பரால் எதைத் தாங்க முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பத்தாம் நாள் கட்டளை வந்தது. ஜவ்பர் சாரதிப் பணியிலிருந்து நீக்கப்பட்டு வாயில் பதிவுக்கு மாற்றப்பட்டார்.

ஓய்வு பெறும் வரை நான்கு வருடம் வாயிலில் இருந்தார். வருகிற போகிற வண்டிகளின் இலக்கத்தை எழுதுவது, குறுக்குக் கம்பத்தைத் தூக்குவது. லொறி வெளியே போகும்போதெல்லாம் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். நான் யன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அது ஒரு நாளும் தானாக ஏறவில்லை. மழையிலும் ஏறவில்லை, பனியிலும் ஏறவில்லை. ஜவ்பர் இறங்கிய பிறகு லொறி சரியாகிவிட்டது. பட்டறையில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். சாமி குத்தம் என்ற பேச்சு நின்றுபோனது. கால் குத்தம்தான் போல என்றார்கள். இதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை... கதிரேசனின் கைத்திறன் ஜவ்பருக்கு எதிரான சாட்சியாக மாறும் என்று எந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறது?

சரஸ்வதி பூசை அதன் பிறகும் நடந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் சுமணபால லொறியை ஏற்றினார். இரண்டு சத்தம் கேட்டது.

ஒரு வருடம் கழித்துக் கதிரேசனைப் பேராதனைச் சந்தையில் கண்டேன். கையில் மரக்கறிப் பையோடு ஓடி வந்தார்.

"அந்த அண்ணன் என்ன சொன்னாரு சேர், நூலப் பாத்து?"

"சந்தோஷப்பட்டார்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தன் வேலை ஒரு மனிதனைக் காப்பாற்றியது என்ற நிம்மதி. அதன் பிறகு நான் கெலிஓயா வழியாகப் போவதில்லை. கம்பளைக்குப் போக வேண்டியிருந்தால் ரயிலில் போகிறேன்.

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் ஜவ்பர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னைக் கண்டதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. அதுதான் கொடுமை.

"மருமகன் த்ரீவீல் ஒண்டு எடுத்திருக்கான் சேர். சும்மாதானே ஈக்கிறீங்க, நீங்க ஓட்டுங்க மாமாங்கிறான்."

"நல்லதுதானே."

"நான் ஓட்ட மாட்டன் சேர். கால்ல நம்பிக்க இல்ல." வலது முழங்காலை உள்ளங்கையால் தடவினார். "அண்டைக்கி நான் கால வெக்கல்லண்டுதான் நெனச்சிட்டு இருந்தன். சேரோடயும் வாதாடினன். ஆனா நான் எறங்கின பொறவு லொறி ஒரு நாளாச்சும் ரேஸ் ஆகிச்சா? யோசிச்சுப் பாத்தன். சேர் எழுதினதுதான் சரி. என்ட கால் என்ன செய்யுதுண்டு எனக்கே வெளங்கல்ல. அந்தப் புள்ளட நெத்தி இன்னும் கண்ணுக்குள்ள ஈக்குது."

முட்டை ஒன்றும் உடையாமல் வேனை இழுத்து வந்த கால் அது. நான்கு பழத்தையும் ஒரே சத்தத்தில் நசுக்கிய கால். பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே மகாவலி கலங்கி ஓடியது. அவ்வளவு நல்ல இடம், அவ்வளவு நல்ல நேரம். வாயைத் திறந்தேன்.

"வயசாகுதுதானே ஜவ்பர்," என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் இறங்கும் இடம் வந்ததும் எனக்காக அவரே மணியை அடித்தார். "பாத்து எறங்குங்க சேர். படி ஈரம்."

அன்றிரவு அல்ல, மறுநாள் காலை, பழைய படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினேன். வாகனம், திகதி, கண்டறியப்பட்ட குறைபாடு, கண்டறிந்தவர் பெயர்: கதிரேசன். குறைபாட்டை ஏற்படுத்தியவர்: என் பெயர். இவ்வளவும் தடையில்லாமல் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்று இருக்கிறது. அந்தக் கட்டத்தை அரை அங்குல அகலத்துக்கு விட்டிருக்கிறேன். அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படாது என்று அந்தக் காலத்தில் நினைத்திருப்பேன். அது இன்னும் வெறுமையாக இருக்கிறது.

நூல் என் வீட்டு இழுப்பறையில் ஓர் உறைக்குள் கிடக்கிறது. மழை நாட்களில் தொட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் விறைத்திருப்பது போல் இருக்கும். என் கற்பனையாகவும் இருக்கலாம். அளந்து பார்க்கவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் முகவரி எனக்குத் தெரியாது. ஜவ்பருடையது தெரியும், பாலத்தைத் தாண்டி மூன்றாவது ஒழுங்கை, பச்சைக் கதவு. இங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.